சோத்த வுட்ட கிரேன்காரரு

எங்க ஒலகநாதன் அண்ணாத்த நடந்து வர்றாருன்னா, மொதல்ல அவரு தொப்ப சேக்காட்டுல இருந்து கெளம்பி ஆவடி டேஷனுக்கு வந்துரும். ஆளு அப்பால சாவகாசமா வந்து சேருவாரு. இத்த நான் அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிக்கீறேன். முதுவுக்குப் பின்னால பேசற பழக்கம் நம்ப கிட்ட இல்ல. அதுவும் இல்லாம அவரு முதுவுக்குப் பின்னால நின்னா நம்பள யாருக்கும் தெரியாது. அவ்ளோ அகலம்.

அவரு பொறந்தது திருமழிசை பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டு, கள எடுத்து வயித்தக் கழுவுனவங்க. "சின்ன வயசுல நான் ஒட்டடக்குச்சி மாதிரி இருப்பேன்டா முனி"ம்பாரு. யாரு நம்புவா? நான் நம்பல. எண்பதுங்க ஆரம்பத்துல அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து எங்க கம்பெனில லோடு தூக்கற ஆளா சேந்தாரு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இரும்ப முதுவுல ஏத்திகினு போவாரு, ஒரு குண்டான் சோறு துன்னுவாரு, மறுபடியும் ஏத்திகினு போவாரு. ஒரு நாளு தலைக்கு மேல ஓடுற கிரேனப் பாத்துட்டு, "நான் முதுவுல தூக்கறத அவன் குந்திகினே தூக்குறான், நானும் அங்க போறேன்"னு சொல்லி, ஆபரேட்டரு லீவு போடற அன்னிக்கெல்லாம் ஏறி ஏறி கத்துகினு ஆபரேட்டரே ஆயிட்டாரு.

வேல மாறிச்சி, வயிறு மாறல. ஓடி ஓடி லோடு தூக்குனப்ப துன்ன அதே குண்டான் சோத்த, குந்திகினு துன்னா இன்னா ஆவும்? வருசத்துக்கு ஒரு பேண்ட்டு மாத்துனாரு. டெய்லர் அவருக்கு மட்டும் இஞ்சி டேப்பு பத்தாம சர்வே சங்கிலி வாங்கி வெச்சிகினான்.

இதுக்கு மேல அவருக்கு வாச்ச சம்சாரம் பேபி அண்ணி. வானகரத்துப் பொண்ணு. சேக்காட்டுல பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க்க இட்லிக்கட வெச்சிகீது. அண்ணி இட்லி எப்படின்னா, மூடிய தொறந்தவுடனே புடிக்கலன்னா பறந்து போயி மின்சார கம்பில குந்திக்கும், அவ்ளோ லேசு. தெனம் காலைல அண்ணாத்த கட வாசல்ல பெஞ்சில குந்தி நாஸ்டா பண்ணுவாரு. ரோட்ல போறவன் அவரப் பாப்பான், இட்லியப் பாப்பான், அவனா வந்து குந்துவான். போர்டே வேணாம். அவரு தான் போர்டு.

நான் முனியன். தகடு அழுத்தற மிஷினுக்குப் போடற இரும்பு அச்ச 'டை'ன்னுவோம், கீழ நின்னு அத்த கயிறு கட்டி கொக்கில மாட்டி, "தூக்கு, எறக்கு, நிறுத்து"ன்னு கையாட்றது என் வேல. மேல அவரு, கீழ நானு. ஒரு டை ரெண்டு யான கனம் இருக்கும். அத்த அவரு தூக்குனா, தூங்கற கொழந்தய தொட்டில்ல இருந்து எடுக்கற மாதிரி தூக்குவாரு. ஒரு ஆட்டம் அசைவு இருக்காது. அதனால தான் நான் இன்னும் உசுரோட உங்க கிட்ட பேசிகினு கீறேன்.

புது கிரேன் வந்துச்சி. தொண்ணூறு தாண்டி ரெண்டு மூணு வருசம் இருக்கும், ஊட்டுக்கு ஊடு கேபிள் வயரு தொங்க ஆரம்பிச்ச நேரம். பழைய கிரேன்ல கேபினுக்கு சைடுல கதவு. கல்யாண ஊர்வலமே உள்ள போவலாம். புதுசுல கதவு கெடையாது. ஏணில ஏறுனா, கேபின் தரையில சதுரமா ஒரு ஓட்டை. அதுல தலைய வுட்டு மேல போவணும். அந்த ஓட்டைய போட்டவன் கண்டிப்பா ஒரு ஒல்லிப் பையன். தன் இடுப்ப அளந்து போட்டுட்டான்.

சித்திர வெயில்ல ஒரு நாளு, "ஏறிப் பாருய்யா"ன்னாரு எங்க சூப்பர்வைசர் ராஜசேகரன் சாரு. அண்ணாத்த ஏறுனாரு. தல போச்சி. தோளு போச்சி. தொப்ப, 'நான் வரலப்பா, நீங்க போய்ட்டு வாங்க'ன்னு நின்னுகிச்சி. மேலயும் போவ முடில, கீழயும் வர முடில. கீழருந்து பாத்தா கேபினுக்கு ரெண்டு காலு மொளச்ச மாதிரி கீது.

"டேய் முனி, காலப் புடிச்சி மேல தள்ளுடா!"

"அண்ணாத்த, நான் தள்ளுனா நீ மேல போவ மாட்ட, நான் தான் தரைக்குள்ள பூந்துருவேன்!"

"கிரீஸ் டப்பா எட்னு வரட்டா மாமே?"ன்னு கீழருந்து ஒரு கொரலு. எத்திராஜ். அடுத்த ஷிப்ட்டு ஆபரேட்டரு, தீக்குச்சிக்கு சட்ட போட்ட மாதிரி இருப்பான்.

கடசில நாலு பேரு கால்ல தொங்கி இழுத்தோம். 'பொளக்'னு கோலி சோடா ஒடச்ச சத்தத்தோட வந்து வுழுந்தாரு. எங்க மேல தான்.

ராஜசேகரன் சாரு கெட்டவரு இல்ல. ஓட்டைய பெருசாக்க முடியுமான்னு அவரே கேட்டுப் பாத்தாரு. அடில இரும்பு பீம் போவுதாம், வெட்னா கேபினே தொங்கிடுமாம். அண்ணாத்தயக் கூப்ட்டு சொன்னாரு:

"உலகநாதா, ஆயுத பூஜை அன்னிக்கு புது கிரேனுக்கு பூஜ போட்டு ஓட்டணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. பழசு அன்னியோட ஸ்க்ராப்பு. அதுக்குள்ள நீ அந்த ஓட்டையில நொழைஞ்சிட்டா வண்டி உன்னுது. இல்லன்னா எத்திராஜுக்கு தான் குடுக்கணும். எனக்கு வேற வழி இல்லய்யா."

"அப்ப நான் சார்?"

"ஸ்டோர்ல போல்ட்டு நட்டு எடுத்துக் குடுக்கலாம். நெழல்ல வேல."

சாயங்காலம் டீக்கடைல, நான் வழக்கம் போல கலாய்ச்சிகினு இருந்தேன். அவரு சிரிக்கல.

"முனி, பஸ்ல ஏறுனா 'ரெண்டு டிக்கெட் எடு'ன்றான். சினிமாவுக்குப் போனா பின்னால கீறவன் 'ஸ்க்ரீன் தெரியல'ன்றான். எங்க போனாலும் ஒதுங்கு ஒதுங்குன்றானுங்க. மேல ஏறி குந்திட்டா மட்டும் தாண்டா நான் எவனையும் இடிக்கல. அங்கருந்து எறக்கி வுட்டா நான் எங்கடா போவேன்?"

அவரு கவல அவருக்கு, என் கவல எனக்கு. எத்திராஜ் நல்ல பையன், பாட்டெல்லாம் சூப்பரா பாடுவான். ஆனா லிவரப் புடிச்சான்னா பாட்டுக்கு ஏத்த மாதிரி டை ஊஞ்சல் ஆடும். அந்த ஊஞ்சலுக்குக் கீழ நிக்கப் போறவன் நானு.

கம்பெனிக்கு வாரத்துக்கு ஒரு தபா வர்ற டாக்டரு கிட்ட கூட்டிகினு போனேன். அவரு அண்ணாத்தய மேல கீழ பாத்துட்டு ஒரே வார்த்த: "சோத்த நிறுத்து."

அண்ணாத்த சொன்னா சொன்னது தான். அன்னியோட சோத்த நிறுத்திட்டாரு. கேண்டீன்ல சாம்பார் சாதம் வாசன ஆளத் தூக்கும், அவரு மூக்கப் புடிச்சிகினு தாண்டிப் போவாரு. நாங்கல்லாம் அசந்துட்டோம். சித்திர போயி வைகாசி முடியற வரைக்கும் ஒரு பருக்க கூட வாயில படல. அப்பால ஓட்டையில வுட்டுப் பாத்தோம். எங்களுக்கு எட மிஷினு அந்த ஓட்ட தான். முன்ன தோளு தாண்டி நின்னவரு, இப்ப தோள்லயே நின்னாரு! இன்னும் ஏறிக்கீறாரு!

ராஜசேகரன் சாரு கேண்டீன்ல வெச்சி விசாரிச்சாரு.

"உண்மையச் சொல்லுய்யா. சோறு துன்னியா?"

"ஆத்தா மேல சத்தியமா தொடல சார்."

"காலைல என்ன துன்ன?"

"இட்லி."

"மத்தியானம்?"

"சோறு கெடையாதுல்ல, பசிக்கும்ல, அதனால இட்லி உப்புமா. கூட நாலு ஊத்தப்பம்."

"ராத்திரி?"

"ராத்திரி லைட்டா தான் சார். தோச, இடியாப்பம், ஆப்பம். அந்த மாதிரி."

சாரு தலைல அடிச்சிகினாரு. "யோவ், இட்லி எதுல செய்றாங்க?"

"அரிசில."

"அப்ப அது சோறு இல்லையா?"

"இல்ல சார், அது டிபனு."

சொன்னா நம்ப மாட்டீங்க, கேண்டீன்ல இருந்த அத்தினி பேரும் அண்ணாத்த பக்கம் தான் நின்னோம். நான் எழுந்து நின்னே கேட்டேன்: "சார், எங்கம்மா அமாவாச வெரதம் இருக்குது. சோறு தொடாது, ராத்திரிக்கு நாலு தோச பலகாரம் பண்ணிக்கும். அத்த சாமியே வெரதம்னு ஒத்துகிச்சி. டாக்டர் ஒத்துக்க மாட்டாரா?"

"சாமிக்கு உன் இடுப்பப் பத்தி கவல இல்லய்யா. ஓட்டைக்கு கீது!" சாருக்கே எங்க பாஷ வந்துருச்சி, அவ்ளோ கோவம். "அரிசிய அவிச்சா சோறு, அரைச்சா இட்லி, பிழிஞ்சா இடியாப்பம். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணு தான். எல்லாம் மாவு, எல்லாம் சக்கரையா மாறும்."

சரி, அரிசியே வேணாம்னு நடுவுல சப்பாத்திக்கு மாறுனாரு. அப்ப ஊரு பூரா அது தான் பேச்சு, சப்பாத்தி துன்னா எளச்சிடலாம்னு. அண்ணி சுட்டுப் போட்ட சப்பாத்திய அடுக்கி வெச்சா கிரேனுக்கு ஏணியே தேவ இல்ல, அது மேல ஏறியே போயிருக்கலாம். தொட்டுக்க உருளைக்கெழங்கு குருமா. கோதுமையும் மாவு, கெழங்கும் மாவுன்னு எங்களுக்கு யாரு சொன்னா? ஒரு வாரத்துல அதுவும் புட்டுகிச்சி.

அப்பால ராஜசேகரன் சாரே ஒரு வழி சொன்னாரு. அவரு மச்சான் அமெரிக்காவுல கீறாரு. அங்க ஒரு வைத்தியம் ஓடுதாம்: கறி, மீனு, முட்ட, வெண்ண, எவ்ளோ வேணா துன்னலாம். ஆனா சோறு, இட்லி, ரொட்டி, கெழங்கு, சக்கர, பழம் கூட, ஒரு துளி கூடாது. மச்சான் அதுல பாதி ஆளா ஆயிட்டாராம்.

அண்ணாத்த கண்ணு ரெண்டும் கிரேன் லைட்டு மாதிரி எரிஞ்சிச்சி. "கறி துன்னா எளைக்கலாமா? இத்தினி நாளா இத்த எங்க வெச்சிருந்தீங்க சார்?"

மறுநாள்ல இருந்து ஆரம்பிச்சாரு. ஆவடி மார்க்கெட்டுல ஆடுங்கல்லாம் அவரப் பாத்தா கும்பிடு போட்டுட்டு சந்துல பூந்துக்கும். ஆனா ஒண்ணு சொல்லணும், வேல செஞ்சிச்சி! மொத வாரமே பேண்ட்டு தொளதொளன்னு ஆச்சி. ஆனி மாசம் பாதில ஓட்டையில வுட்டுப் பாத்தா, நெஞ்சு தாண்டி தொப்பைல கால்வாசி வரைக்கும் போயிட்டாரு. நாங்கல்லாம் விசிலு அடிச்சோம். எத்திராஜ் கூட கை தட்டுனான், அவன் பெரிய மனசு.

அப்பால தான் பேஜாரு. மொதல்ல வாயி. அண்ணாத்த வாயத் தொறந்தா பெயிண்ட் டப்பாவத் தொறந்த மாதிரி ஒரு வாட. கேண்டீன்ல அவரு மேசைல நான் மட்டும் தான் குந்துவேன், அதுவும் காத்து அடிக்கற தெச பாத்து. ரெண்டாவது, காலைல கக்கூசுக்குப் போனாருன்னா நாங்க ஷிப்ட்டு முடிச்சி வரும்போது தான் வெளிய வருவாரு. மூணாவது, சாப்பாடு வெறுத்துப் போச்சி. "கறிக்கொழம்பு இருக்குது, அத்த இன்னாத்துல ஊத்திக்கறது முனி? கையிலயா?"ன்னு அழுவாத கொற.

இதுல கடை வேற படுத்துகிச்சி. காலைல பெஞ்சில குந்தி அவரு அவிச்ச முட்டைய உரிச்சிகினு இருந்தா, இட்லி துன்ன வந்தவன் இன்னா நெனப்பான்?

"இன்னா பேபி, ஊட்டுக்காரரே இட்லிய தொடல, மாவு புளிச்சிடுச்சா?"ன்னு பக்கத்து ஊட்டு பூங்காவனம்மா நடு ரோட்ல நின்னு கேட்டுச்சி.

"அவரு ஒடம்பு எளைக்க மருந்து சாப்புடறாரு"ன்னு அண்ணி சொன்னா, "இட்லிக்கடைக்காரி புருசனே எளைக்கிறாருன்னா, கட எப்டி கீதுன்னு தெரியுதே"ன்னு ஒருத்தன் எதிர்க் கடைக்குப் போய்ட்டான்.

இத்தெல்லாம் கூட சிரிச்சிகினே தள்ளிடலாம். ஒரு நாளு சிரிக்க முடியாதது நடந்துச்சி. பழைய கிரேன்ல டை பாதில தொங்குது. நான் கீழ நிக்கிறேன். திடீர்னு மேல மோட்டாரு நின்னுச்சி. "முனி, தள்ளி நில்லு. நல்லா தள்ளி நில்லுடா"ன்னு கொரலு. ஓடிட்டேன். டைய பூ மாதிரி தரையில எறக்கி வெச்சிட்டு, அவரு ஏணில ஒவ்வொரு படியா எறங்கி வந்தாரு. மூஞ்சி சுண்ணாம்பு. தல சுத்துதாம், கையி நடுங்குதாம்.

டாக்டரு வந்து பாத்துட்டு வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. "திடீர்னு எல்லாத்தையும் நிறுத்திட்டு, கீர காய் எதுவும் இல்லாம, தண்ணி கூட சரியா குடிக்காம மேல ஏறுவியா? கறி துன்னுறது தப்பில்ல. கறி மட்டும் துன்னா ஒடம்பு எத்தினி நாளு தாங்கும்?"

அந்த பேச்சுக்கு ஒரு முடிவு எடுக்கறதுக்குள்ள ஆடி மாசம் பொறந்துருச்சி. எங்க தெரு அம்மன் கோயில்ல வருசா வருசம் தீமிதி. அண்ணாத்த கிரேன் ஏறுன வருசத்துல இருந்து காப்பு கட்டிக்கறவரு. மேல இருந்து வுழாம பாத்துக்கறது ஆத்தா தான்னு அவருக்கு நெனப்பு. கையில மஞ்சக் கயிறு ஏறிச்சின்னா கவுச்சி கெடையாது. அமெரிக்கா வைத்தியம் அன்னிக்கே மூட்டையக் கட்டிகிச்சி. முட்டையும் போச்சி.

சரி, கவுச்சி தான இல்ல, காய்கறி துன்னுட்டு போவலாம்னு பாத்தா, ஆடி மாசம் எங்க பக்கம் கூழு மாசம். ஞாயித்துக்கெழம ஆனா தெருவுக்குத் தெரு கேவுரு கூழு, நொய்யி போட்டு, மேல மோரு, வெங்காயம், பக்கத்துல முருங்கக்கீர. ஆத்தா கூழ வேணாம்னு சொல்லலாமா? அதுவும் காப்பு கட்டுன ஆளு?

"ஒரே ஒரு சொம்பு ஒலகம், ஆத்தாவுக்காவ"ன்னு பூங்காவனம்மா குடுக்கும். குடிப்பாரு. அடுத்த ஊட்ல, "அவங்க ஊட்ல குடிச்ச, எங்க ஊட்ல ஆத்தா இல்லியா?" அங்கயும் குடிப்பாரு. சேக்காட்டுல ஆரம்பிச்ச சொம்பு பூந்தமல்லி வரைக்கும் போச்சின்னு ஊர்ல பேச்சு. நான் தான் பரப்புனேன். ஆனி பூரா மாவுக்கு ஏங்கிப் போன ஒடம்பு, வெயில்ல காஞ்ச பஞ்சு தண்ணிய உறிஞ்சற மாதிரி உறிஞ்சிச்சி. ஆடி முடிஞ்சி ஓட்டையில வுட்டா, பழையபடி தோளு தாண்டி நின்னுட்டாரு. கறி துன்னு எறக்குனது அத்தினியும் கூழு குடிச்சி ஏறிப் போச்சி.

அன்னிக்கு நான் ஒரு ஜோக்கும் அடிக்கல. அதுல இருந்தே நெலம புரிஞ்சிக்குங்க.

மறுநாளு காலைல கடைக்குப் போனேன். அண்ணாத்த புது சட்டயப் போட்டுகினு நிக்கிறாரு.

"எங்க அண்ணாத்த இவ்ளோ சீக்கிரம்?"

"ராஜசேகரன் சாரப் பாத்து, வண்டிய எத்திராஜுக்கே குடுத்துரு சார்னு சொல்லிட்டு வர்றேன். கடசி நாள்ல எல்லார் முன்னாடியும் தொங்கறதுக்கு இப்பவே ஸ்டோருக்கு போய்ட்டா மரியாதயா இருக்கும்."

பேபி அண்ணி மாவுக் கரண்டியோட வெளிய வந்துச்சி. "யோவ், குந்து."

"பேபி, நேரமாவுது."

"குந்துன்றேன்ல! டாக்டரு சொன்னத கேட்ட, சாரு சொன்னத கேட்ட, சாரு மச்சான் அமெரிக்காவுல துன்றத கேட்ட. உனக்கு இத்தினி வருசமா ஆக்கிப் போட்றவ நானு. என்னிய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அண்ணாத்த குந்துனாரு. பெஞ்சு அழுதிச்சி.

"நீ சோத்தயே வுட்டா, உனக்கு நெனப்பெல்லாம் சோத்து மேல தான் இருக்கும். மாசக்கணக்குல வுட்டுட்டு ஒரு நாள்ல மொத்தமா துன்னுவ. நீ ஒண்ணையும் வுட வேணாம். நான் வெக்கற எடத்த மட்டும் மாத்தறேன்."

தட்ட எடுத்து வெச்சிச்சி. நடுவுல, நாம சோறு குமிக்கிற எடத்துல, அவரக்கா பொரியலும் கீரையும் மல மாதிரி. பக்கத்துல கொள்ளு சுண்டலு, ஒரு அவிச்ச முட்ட. ஊறுகா வெக்கிற மூலைல ஒரே ஒரு இட்லி. தட்டயே தலகீழா திருப்பிடுச்சி அண்ணி! மத்தியானத்துக்கும் அதே கணக்கு: ஊறுகா எடத்துல சோறு, சோத்து எடத்துல காயி, கொழம்புல கெடக்கற மீனு ரெண்டு துண்டு. சக்கர போட்ட டீ கட். கூட, கம்பெனில இருந்து டேஷனுக்கு இனிமே பஸ்ஸு கெடையாது, நடக்கணும். கூட யாரு நடக்கறது? நானு. என் கிட்ட எளைக்கறதுக்கு இன்னா கீது? எலும்பு தேஞ்சிச்சி.

"இந்த ஒரு இட்லி எனக்கு எங்க பத்தும் பேபி?"

"மொதல்ல பொரியல துன்னு முடி. அப்பால இட்லிய தொடு. பசிச்சா இன்னும் பொரியல் கேளு, போட்றேன்."

பொரியல் மலைய ஏறி எறங்கறதுக்குள்ள அவருக்கு மூச்சி வாங்கிடுச்சி. அந்த ஒரு இட்லிய கொழந்த மிட்டாய சப்பற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா துன்னாரு. ஒரு வாரம் மொனகுனாரு. ரெண்டாவது வாரம் மொனகல. மூணாவது வாரம், "அவரக்காக்கு இவ்ளோ ருசி கீதுன்னு எவனும் சொல்லவே இல்லியேடா"ன்னாரு.

இன்னொரு கூத்து. பெஞ்சில அவரு தட்டப் பாத்தவன்லாம், "இன்னா பேபி அது, அவருக்கு மட்டும் ஸ்பெசலா?"ன்னு கேக்க ஆரம்பிச்சான். எதிர்க் கடைக்குப் போனவன் திரும்பி வந்தான். சக்கர வியாதிக்காரர் ஒருத்தரு டாக்டர கேட்டுட்டு வந்து தெனம் அதயே வாங்குனாரு. "ஒலகம் பிளேட்டு ஒண்ணு"ன்னு கேட்டா சேக்காட்டுல எல்லாருக்கும் தெரியும். பூங்காவனம்மா மொத ஆளா வந்து ரெண்டு பிளேட்டு துன்னுட்டு, "எனக்கு எதுவும் எளைக்கலயே"ன்னு கேட்டுச்சி.

நான் படிக்காதவன், ஆனா மூணு வைத்தியத்தையும் பக்கத்துல இருந்து பாத்தவன், சொல்றேன் கேளுங்க. சோத்த வுட்டுட்டு டிபன துன்றது, முன் வாசல சாத்திட்டு பின் வாசல தொறந்து வெக்கற மாதிரி. சப்பாத்தியும் அதே வாசல் தான், வேற பெயிண்ட்டு. அமெரிக்காகாரன் வைத்தியம் எக்ஸ்பிரஸ் ரயிலு. சர்ருனு போவும், பொய்யில்ல. ஆனா நம்ப டேஷன்ல நிக்காது. எறங்கத் தெரியாதவன் குதிச்சி காலு ஒடச்சிப்பான். பேபி அண்ணி வழி டவுன் பஸ்ஸு. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கும், கண்டக்டரு டீ குடிக்கப் போவாரு, நமக்கு கடுப்பாவும். ஆனா அதுல தெனம் ஏறலாம்.

தெனம் ஏறுனாரு. பொரட்டாசி வந்துச்சி, முட்ட, மீனு நின்னுச்சி, அண்ணி அதுக்குப் பதிலா காராமணி, பச்சப்பயிறுன்னு மாத்திகிச்சி. ஒரு நாளு கூட வண்டி நிக்கல. ஆனா எக்ஸ்பிரஸ் மாதிரி வேகம் இல்லியே! பூஜைக்கு ஒரு வாரம் முன்ன ஓட்டையில வுட்டுப் பாத்தோம். தொப்புள் வரைக்கும் போனாரு, நின்னுட்டாரு. இன்னும் ஒரு வெரக்கட பாக்கி. அண்ணாத்த எறங்கி வந்து, "இன்னும் ஒரு மாசம் இருந்தா போதும்டா"ன்னாரு. ஒரு மாசத்த யாரு குடுக்கறது?

ஆயுத பூஜை வந்துச்சி. மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழக்கன்னு. ஆளுங்க ஊட்ல இருந்தெல்லாம் வந்துட்டாங்க. பேபி அண்ணி புதுப் பொடவைல ஏணிக்குப் பக்கத்துல நின்னுச்சி, கையி ரெண்டும் சேத்து வெச்சிகினு. பூசணிக்கா ஒடச்சோம். எல்லாருக்கும் பொரி பாக்கெட் குடுத்தாங்க. எத்திராஜும் குளிச்சி, பவுடர் போட்டு, ரெடியா நின்னான். அவன குத்தம் சொல்ல முடியாது, சாரு தான் நிக்கச் சொன்னாரு.

"ஏறுய்யா உலகநாதா"ன்னாரு சாரு.

அண்ணாத்த ஏணியத் தொட்டுக் கும்பிட்டு ஏறுனாரு. தல போச்சி. தோளு போச்சி. நெஞ்சு போச்சி. மூச்ச வெளிய வுட்டு வயித்த உள்ள இழுத்தாரு. தொப்ப மெதுவா, தேரு சந்துல திரும்பற மாதிரி, நொழைஞ்சிச்சி. போச்சி, போச்சி! அவ்ளோ தான்னு நெனச்சா, இடுப்புல டபக்குனு நின்னுச்சி.

"இன்னாயா?"ன்னு கத்திச்சி அண்ணி.

"மாட்டிகிச்சி பேபி!"

"தொப்ப தான் போயிருச்சே, இன்னா மாட்டிகிச்சி?"

நான் ஏணில பாதி ஏறிப் போயி பாத்தேன். தொப்ப இல்ல. பேண்ட்டு பாக்கெட்டு பொம்முனு வீங்கிகினு ஓட்ட ஓரத்துல இடிக்குது.

"அண்ணாத்த, பாக்கெட்டுல இன்னா வெச்சிகினு கீற?"

சின்னப் பையன் மாதிரி ஒரு கொரலு: "பொரி."

"பொரியா!"

"மேல குந்திகினு துன்னலாம்னு ஒரு ரெண்டு பாக்கெட்டு..."

"யோவ்!" அண்ணி போட்ட சத்தத்துல பக்கத்து கம்பெனி பூஜையே நின்னுருக்கும். "அதுவும் அரிசி தான்யா! எடுத்துப் போடுய்யா கீழ!"

நான் பாக்கெட்டுல கைய வுட்டு இழுத்தேன். பிளாஸ்டிக்கு கிழிஞ்சி, பொரியும் கடலையும் மழ மாதிரி கொட்டிச்சி. சாரு தலைல, மொதலாளி தலைல, எத்திராஜ் பவுடரு மேல. அண்ணாத்த ஒரு எக்கு எக்குனாரு. காலு ரெண்டும் மேல போயி காணாமப் போச்சி. ஓட்டைல இருந்து வெளிச்சம் மட்டும் வந்துச்சி.

அப்பால கேபின் கண்ணாடில அவரு மூஞ்சி தெரிஞ்சிச்சி. வேர்வ, குங்குமம், பல்லு, எல்லாம் சேந்து ஒரே செவப்பா சிரிக்கிறாரு. சாரு தலைல இருந்த பொரிய தட்டிகினே, "எத்திராஜு, நீ பழைய ஷிப்ட்டயே பாருப்பா"ன்னாரு. அண்ணி மொந்தானைல மூஞ்சியத் தொடச்சிகிச்சி. எங்க ஆளுங்க அடிச்ச விசிலு திருவள்ளூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கொக்கி மெதுவா எங்கிட்ட எறங்கி வந்துச்சி, மால போட்டுகினு. மொத டைய மாட்டுனேன். மாட்டிட்டு அண்ணாந்து பாத்துகினே நிக்கிறேன், வாயத் தொறந்துகினு.

"டேய் முனி!" மேலருந்து கத்துனாரு. "எவ்ளோ நேரம்டா வேடிக்க பாப்ப? கையக் காட்டுடா!"

அப்ப தான் என் வேல எனக்கு ஞாபகம் வந்துச்சி. கண்ணத் தொடச்சிகினு கையத் தூக்குனேன்.